விசிலோடு நின்ற கமரா

போன கிழமை ஷோபனா தொலைபேசியில் அழைத்தாள். நான் விட்டுவிட்டு வந்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். பல்கலைக்கழக ஃபுட்போல் அணியின் ஆட்டங்களை வீடியோவில் பிடிக்கும் வேலை. பழைய கசெற்றுகளை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றும்படி அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ? உங்கட கசெற் எல்லாத்திலயும் விசில் ஊதினவுடனை ஸ்கிரீன் கறுப்பாப் போகுது. பற்றறி பிரச்சினையோ?"

"இல்லை. அப்பிடித்தான் எடுக்கச் சொன்னவை."

"ஏன்? நாங்கள் இப்ப ஓஃப் பண்ணுறதே இல்லை. கேம் தொடங்கினா முடியுமட்டும் ஓடும். தேவையில்லாததைப் பிறகு கட் பண்ணுவம்."

நல்லது என்றேன். புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்க, அந்தக் காலத்தில் வேலை எப்படி நடந்தது என்று எழுதித் தரச் சொன்னாள். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். கமராவை எங்கே வைப்பது, குளிரில் பற்றறியை எப்படிக் காப்பது என்பதெல்லாம் அதில் இருந்தன. அனுப்பிய பிறகும் மனம் ஆறவில்லை. முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேனோ என்று மகளைக் குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த இரண்டு பக்கத்தில் இடம் கிடைக்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓய்வுபெற்றவர்கள்தான் இப்படித் தம் வேலையைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு இப்போதுதான் முப்பது தாண்டியிருக்கிறது. ஆனால் மகள் பிறந்ததோடு அந்த வேலைக்கும் எனக்கும் தொடர்பு முடிந்துவிட்டது. மைதானக் கட்டடத்தின் கூரைக்கு ஏணியில் ஏறிச் செய்யும் வேலைக்குக் கைக்குழந்தையோடு திரும்பிப் போக எனக்குத் துணிவு வரவில்லை. அதுவும் ஓய்வுதானே.

நான் கமரா பிடிக்கப் பழகியது கல்யாண வீடுகளில். ரொறன்ரோவுக்கு வந்து, பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சனி ஞாயிறுகளில் செல்வம் அண்ணையின் வீடியோக் கடையில் வேலை பார்த்தேன். ஸ்காபரோ மண்டபங்களிலும் றிச்மண்ட் ஹில் கோயிலிலும் நடக்கும் கல்யாணங்களுக்கு அவர் என்னைப் பெண்கள் பக்கம் படமெடுக்க அனுப்புவார். அவர் கற்பித்தது ஒன்றே ஒன்றுதான்.

"கமராவை நிப்பாட்டாதை பிள்ளை. ஒருத்தற்றை முகமும் தவறக்கூடாது. மாப்பிள்ளையை விட்டாலும் மாப்பிள்ளையின்ரை சித்தப்பாவை விட்டிடாதை. அந்தாள்தான் பிறகு போன் எடுத்துக் கத்தும்."

அந்தக் கசெற்றுகள் யாழ்ப்பாணத்துக்கும் பாரிசுக்கும் லண்டனுக்கும் போகும். கல்யாணத்துக்கு வர முடியாதவர்கள் வீட்டிலிருந்து, நிறுத்தி நிறுத்தி, யார் மெலிந்துவிட்டார், யாருக்குத் தலை நரைத்துவிட்டது என்று பார்ப்பார்கள். தாலி கட்டுவதைவிட, பந்தியில் இருப்பவர்கள் சாப்பிடுவதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்களாம்.

அப்படிப் பழகிய கையோடுதான், கமரா தெரிந்த மாணவர் தேவை என்ற அறிவித்தலைப் பார்த்து விளையாட்டுப் பிரிவுக்குப் போனேன். ஃபுட்போல் என்றால் உதைபந்தாட்டம் என்றே நினைத்திருந்தேன். போன பிறகுதான் தெரிந்தது, இது தலைக்கவசமும் தோள் கவசமும் போட்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட, எதிரணி மொத்தமாக வந்து மோதி விழுத்தும் விளையாட்டு என்று. பந்து வைத்திருப்பவர் விழுந்ததும் நடுவர் விசில் ஊதுவார். எல்லோரும் எழும்பி, திரும்ப வரிசையாக நிற்பார்கள். அடுத்த மோதல் தொடங்கும். செப்ரெம்பரில் தொடங்கி நவம்பர் குளிர்வரை, எங்கள் கொன்பரன்ஸ் என்ற போட்டிக் குழுவில் இருந்த பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று மோதி, முதல் நாலு இடங்களுக்குள் வந்தவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள்.

வீடியோவுக்குப் பொறுப்பாக இருந்தவர் கென் என்ற உதவிக் கோச். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு அது வாயில் வராது. "சேர்" என்றால் அவர் பின்னால் திரும்பிப் பார்ப்பார், யாரைக் கூப்பிடுகிறேன் என்று. எப்போதும் சூரியகாந்தி விதை கொறித்து, கோதைக் கடதாசிக் கோப்பையில் துப்பிக்கொண்டிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தவறு கண்டால் கசெற்றைப் பின்னுக்கு ஓட்டி, "இன்னொருமுறை பார்ப்போம்" என்பார். அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு விளையாட்டு வீரர்கள் எல்லோரும் பயந்தார்கள்.

நான் பிடித்த முதல் ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கோச்சுகளும் இருந்து பார்த்தார்கள். நான் செல்வம் அண்ணையின் மாணவி. மோதலுக்கும் மோதலுக்கும் இடையில் கமராவை நிறுத்தவில்லை. களத்தோரத்து வாங்கில் குந்தியிருப்பவர்கள், முழங்காலுக்குக் கட்டுப் போடுகிறவர்கள், பார்வையாளர்கள், எல்லோரையும் கிட்டக் கொண்டுவந்து எடுத்திருந்தேன். கோச்சுகள் சிரித்தார்கள். கென் சிரிக்கவில்லை. கவசத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெடியன் ஒருவனின் முகம் திரை முழுதும் வந்த இடத்தில் நிறுத்தினார்.

இவர் என்ன செய்கிறார் என்று கேட்டார். தண்ணீர் குடிக்கிறார் என்றேன். இவர் தண்ணீர் குடிப்பது அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் எனக்கு உதவுமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

பிறகு என்னைக் கூரைக்குக் கூட்டிப்போய்க் கற்பித்தார். முதலில் ஸ்கோர் பலகையைச் சில விநாடி எடு. பிறகு களத்தில் நிற்கும் இரண்டு அணியும் முழுதாகத் தெரியும்படி கமராவை அகல விரி. முகம் எங்களுக்கு வேண்டாம், இலக்கம் போதும். வரிசைக்கு வரும்போது பொத்தானை அழுத்து. பந்தை மெதுவாகப் பின்தொடர். விசில் கேட்டதும் நிறுத்து. உடனே கண்ணை எடுத்து ஸ்கோர் பலகையைப் பார், அடுத்ததற்குத் தயாராகு. ஒரு மோதலைக் கோச்சுகள் பல தடவை போட்டுப் பார்ப்பார்கள். இடையில் வெற்றுப் படம் ஓடினால் அவர்களின் நேரம் வீண்.

இன்னொரு காரணமும் இருந்தது. நாங்கள் பிடித்த ஆட்டத்தை அடுத்த கிழமை எங்களோடு மோதப்போகும் அணிக்குப் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் தங்களுடையதை எங்களுக்குத் தருவார்கள். எதையும் வெட்டாமல், ஒளிக்காமல் கொடுப்பது கொன்பரன்ஸின் வழக்கம். நெடுஞ்சாலையோரத்து டோனட் கடை வாசலில், வெளியூர் அணியின் கமராக்காரரும் நானும் கசெற்றுகளை மாற்றிக்கொள்வோம். எல்லா அணியும் ஒரே மாதிரிப் பிடித்தால்தான் அது நியாயமான மாற்று என்று கென் சொன்னார்.

அந்த முதல் கசெற்றின் மேல் பயிற்சியைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். முகங்கள் எல்லாம் அழிந்தன. அன்று எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நான் சொன்னதைச் செய்கிற பிள்ளை. ஒரு மாதத்துக்குள், விசில் கேட்டதும் என் விரல் தானாக அழுத்தும். பிறகு கல்யாண வீட்டில் ஐயர் மணியடித்தபோதும் நிறுத்திவிட்டேன் என்று செல்வம் அண்ணை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

தண்ணீர் குடித்த அந்தப் பெடியன் கஜன். இலக்கம் நாற்பத்து நாலு. அணியில் இருந்த ஒரே தமிழ்ப் பிள்ளை. பந்தோடு வருகிறவரைத் தடுத்து விழுத்துவது அவர் வேலை, அதனால் பெரும்பாலும் குவியலின் அடியில்தான் இருப்பார். ரொறன்ரோவில் வளர்ந்தவர். என்னோடு தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பார். டோர்செட் பார்க் அடுக்குமாடியில் தாயும் அவரும் மட்டும். தகப்பன் ஊரில் இறந்துவிட்டார். தாய் ஒரு தொழிற்சாலையில், சனிக்கிழமையும் வேலை.

"அம்மா ஒரு கேமுக்கும் வரேல்லை அக்கா. வேலை எண்டுறது சும்மா எக்ஸ்கியூஸ். பயம். போகேக்கை திருநீறு பூசி விடுவா. வந்தவுடனை கை காலைத் தடவிப் பாப்பா. எத்தினை பேரை விழுத்தினனான் எண்டு கேக்க மாட்டா."

"விழுத்திறதைக் கேட்டா என்ன சொல்லுவீர்?"

"அவங்கள்தான் விழுந்தவங்கள் எண்டு சொல்லுவன்."

ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறையாவது கேட்பார். "அக்கா, ஒருக்கா என்ரை மூஞ்சி வாற மாதிரி எடுங்கோவன். அம்மாக்குக் காட்டலாம்."

"கென் ஏசுவார்."

"கென் எங்க ஏசிறார்? இன்னொருமுறை பார்ப்போம் எண்டுதான் சொல்லுவார்." அவர் விதை துப்புவதுபோல் செய்துகாட்டுவார். நான் சிரித்துவிட்டு ஏணியில் ஏறிவிடுவேன்.

கஜனின் கடைசிப் பருவத்தில் எங்கள் அணி நன்றாக ஆடியது. முடிய இரண்டு ஆட்டங்கள் இருந்தபோது, கடைசியை வென்றால் அரையிறுதி என்ற நிலை. அந்தக் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். கஜன் தாயைக் கெஞ்சி, இதுதான் கடைசி, இனி விளையாட மாட்டேன் என்று சத்தியம் செய்து, அந்தச் சனிக்கிழமை லீவு எடுக்க வைத்திருந்தார். ஒரு மாதம் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்கு முந்தின ஆட்டம் முடியும் நேரம். பந்தோடு ஓடிவந்தவரைக் கஜன் இடுப்பில் பிடித்து விழுத்தினார். அவர்கள் மேல் ஆறேழு பேர் விழுந்தார்கள். விசில் ஊதியது. நான் நிறுத்தினேன். கண்ணை எடுத்து ஸ்கோர் பலகையைப் பார்த்தேன். திரும்பக் களத்தைப் பார்த்தபோது தவறு கண்டால் நடுவர் எறியும் செம்மஞ்சள் துணி புல்லில் கிடந்தது. எதிரணிக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். நடுவர் கஜனுக்கு வெளியே போகும்படி கை காட்டினார்.

எழும்பும்போது எதிரணிக்காரரின் முகத்தில் குத்தினார் என்பது நடுவரின் அறிக்கை. சண்டைக்காக வெளியேற்றப்பட்டவருக்கு அடுத்த ஆட்டம் தானாகவே தடை. அது கொன்பரன்ஸின் விதி. வீடியோ ஆதாரம் இருந்தால் மட்டும் மறுபரிசீலனை செய்வார்கள்.

"குத்தேல்லை அக்கா. எழும்பேக்கை அவன் என்ரை ஹெல்மெற் கம்பியைப் பிடிச்சு முறுக்கினவன். கழுத்து திரும்பிப்போச்சு. கையைத் தட்டி விட்டனான், தட் இஸ் ஆல். உங்கட கமராவில இருக்கும்தானே?"

இருக்காது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஒருவேளை விரல் பிந்தியிருக்குமோ என்று ஒரு நப்பாசை.

திங்கட்கிழமை கென் அந்த இடத்தைப் போட்டார். கஜன் கதவோடு சாய்ந்து நின்றார். கஜன் ஓடுகிறார், பிடிக்கிறார், விழுகிறார்கள், விசில், கறுப்பு. "இன்னொருமுறை பார்ப்போம்" என்றார் கென். ஓடுகிறார், பிடிக்கிறார், விசில், கறுப்பு. என் விரல் துளியும் பிந்தவில்லை. கென் எதிரணிக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் மறைக்காமல் பார்த்துச் சொன்னார்கள், பிரதியும் அனுப்பினார்கள். அவர்களின் கமரா என் கமராவுக்கும் முன்னமே நின்றிருந்தது.

நீயாவது கண்ணால் பார்த்தாயா என்று கென் கேட்டார். ஸ்கோர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ சரியாகத்தான் செய்தாய்" என்றார்.

அந்த வேலையில் இருந்த காலம் முழுதும் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

கஜன் என் பின்னால் நடைபாதைக்கு வந்தார். "உங்களை நான் பிழை சொல்லேல்லை அக்கா" என்றார். பிறகு ஒரு பக்கமாகச் சிரித்து, "கல்யாண வீடு எண்டா என்னை விட்டிருக்க மாட்டீங்கள்" என்றார்.

குத்தவில்லை என்று அவர் சொன்னது உண்மையா என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். கோபக்காரப் பெடியன் இல்லை. ஆனால் கழுத்தை முறுக்கினால் யாருக்கும் கை எழும்பும். நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். நான் நம்புவது யாருக்கும் உதவவில்லை.

கடைசி ஆட்டத்துக்குத் தாய் வந்தார். லீவைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லக் கஜனுக்கு மனம் வரவில்லை. சேலைக்கு மேல் பெரிய குளிர்ச்சட்டை போட்டு, மடியில் சாப்பாட்டுப் பெட்டி வைத்துக்கொண்டு, பார்வையாளர் வரிசையில் இருந்தார். பக்கத்தில் கஜன், சாதாரண உடுப்பில். கூரையிலிருந்து இருவரும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தார்கள். கஜன் கையை நீட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். தாய் அவர் வாயில் ஏதோ வைத்தார். இடைவேளைகளில் கமராவை அந்தப் பக்கம் திருப்ப எவ்வளவோ நேரம் இருந்தது. நான் திருப்பவில்லை. விசிலுக்கு நிறுத்தினேன், வரிசைக்கு வந்ததும் தொடங்கினேன். கஜன் நிற்க வேண்டிய இடத்தில் முதலாம் ஆண்டுப் பெடியன் ஒருவன் நின்றான். அந்த இடத்தால்தான் எதிரணி கடைசியில் பந்தைக் கொண்டுபோய் வென்றது. எங்கள் பருவம் அதோடு சரி.

இறங்கி வந்தபோது கஜன் என்னைத் தாய்க்கு அறிமுகம் செய்தார்.

"நீரே பிள்ளை படம் பிடிக்கிறது? கூரையில உம்மைக் கண்டு, விழுந்திடுவீரோ எண்டு உம்மையே பாத்துக்கொண்டிருந்தனான்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பிடி இடிபடுறாங்கள். இவனை விளையாட விடாமல் விட்டது பெரிய புண்ணியம். ஆர் தடுத்தவரோ, அவர் நல்லா இருக்கோணும்."

கஜன் வானத்தைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஒரு உதவி பிள்ளை. இவன் முந்தி விளையாடினதில ஒரு கசெற் தாரும். இப்ப பாத்தாப் பயமில்லை. முழுசா வந்திட்டான் எண்டு தெரியும்தானே."

கென்னிடம் அனுமதி கேட்டேன். எது வேண்டுமோ எடு என்றார். கஜன் விளையாடிய பருவங்கள் அத்தனையும் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோல அகலமான படம். நாற்பத்து நாலு என்ற முதுகு, விரல் நகம் அளவில். முகம் ஒரு இடத்திலும் இல்லை. ஒரே ஒரு முறை, முதல் கிழமையில், தண்ணீர் குடித்துக்கொண்டு திரை முழுதும் நின்றார். அதன் மேல் பயிற்சி ஓடிக்கொண்டிருந்தது.

நல்ல மோதல்களைத் தேர்ந்து ஒரு கசெற் செய்தேன். கஜன் வெளியேற்றப்பட்டதையும் கடைசியில் சேர்த்தேன். விடுவதா சேர்ப்பதா என்று தெரியாமல், எதையும் ஒளிப்பதில்லை என்ற எங்கள் வழக்கத்தை நினைத்துச் சேர்த்தேன். அது சரியா என்று இன்றைக்கும் தெரியாது.

ஒரு பகல் நேரம் டோர்செட் பார்க்குக்குக் கொண்டுபோனேன். தாய் ரிவிக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கஜன் குசினியில் தேத்தண்ணி போட்டார்.

"இதில எவன் பிள்ளை என்ரை பிள்ளை?"

நான் முழந்தாளில் இருந்து, ரிவிக் கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினேன். விரலோடு அவர் கண் போனது. கஜன் ஓடினார், பிடித்தார், விழுந்தார், மேலே ஆட்கள் விழுந்தார்கள். விசில். கறுப்பு.

"பிறகு எழும்பினவனோ?" என்று கேட்டார்.

"ஓம் அன்ரி, எழும்பினவர்."

அடுத்தது. என் விரல் ஓடியது. குவியல், விசில், கறுப்பு.

"எழும்பினவனோ?"

"ஓம் அன்ரி."

ஒவ்வொன்றுக்கும் கேட்டார். பிள்ளை ஐந்தடி தள்ளிக் குசினியில் கரண்டியைக் கிலுக்கிக்கொண்டு நிற்கிறார், தாய் ரிவியைப் பார்த்துக் கேட்கிறார். அவருக்குப் பந்து வேண்டாம், ஸ்கோர் வேண்டாம். நான் நிறுத்திய இடத்துக்கு அப்பால் இருந்ததுதான் வேண்டும். அன்று எனக்கு அது கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருந்தது. இப்போது என் மகள் நடக்கப் பழகுகிறாள். நான் கமராவில் பிடிக்கும்போது அவள் விழுந்தால், அழுது, எழும்பி, என்னைப் பார்த்துச் சிரிக்கும்வரை என் விரல் பொத்தானுக்குப் போவதில்லை. பாதிக் கசெற்றில் பிள்ளை நிலத்தில்தான் இருக்கிறாள் என்று கணவர் பகிடி பண்ணுகிறார்.

கசெற்றின் கடைசிப் பகுதி வந்தது. கஜன் ஓடினார், இடுப்பில் பிடித்தார், குவியல். விசில். கறுப்பு.

"எழும்பினவனோ?"

மற்ற எல்லாவற்றுக்கும் மூலக் கசெற்றின் அடுத்த படத்தில் அவர் நின்றார், அதனால் என்னால் சொல்ல முடிந்தது. இதற்கு அடுத்த படத்தில் அவர் இல்லை. எழும்பிய அந்தக் கணத்தை நான் பார்க்கவும் இல்லை. விரல் கண்ணாடியிலேயே இருந்தது.

"எழும்பினதுதானம்மா பிரச்சினை" என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

"விசர்க்கதை கதையாதை" என்றார் தாய். கஜன் தேத்தண்ணியோடு வந்தார். தாய் கோப்பையை வாங்கவில்லை. அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு வாங்கி வைத்துவிட்டு, கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சரி பிள்ளை, மிச்சத்தைப் போடும்."

"அவ்வளவுதான் அன்ரி" என்றேன்.